பூவத்தடிக்குப் போகாத கூடாரங்கள்

அம்மையப்பன் துபாயில் உள்ள ஜெபல் அலி துறைமுகத்துக்கு வந்தது 2003 ஆகஸ்டில். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. வேளாங்கண்ணிக்குத் தெற்கே பூவத்தடி என்கிற மீனவக் குப்பம் அவன் ஊர். பதினாலு வயதில் கட்டுமரம் ஏறியவன். கடலைத் தவிர வேறு வேலை தெரியாது. அப்படிப்பட்டவன், கப்பலில் வந்து இறங்கும் சரக்கைப் பிரித்து அடுக்கி மறுபடி லாரியில் ஏற்றும் ஒரு கிடங்கில் ஹெல்பராகச் சேர்ந்தான். ஏன் கடலை விட்டாய் என்று யாராவது கேட்டால், விசைப்படகு வந்த பிறகு கரையோரத்தில் மீன் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்பான். கட்டுமரக்காரன் வெறும் வலையோடு திரும்பும் நாட்கள் அதிகமாகிவிட்டன. ஊரில் நாலைந்து பேர் வளைகுடாவுக்குக் கிளம்பினார்கள். இவனும் கிளம்பினான். மனைவி நாகவள்ளியும் ஐந்து வயது மகள் நீலாவும் ஊரில் இருந்தார்கள்.

விமானத்திலிருந்து இறங்கிய அன்றே கம்பெனி ஆள் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டான். ஆபீஸ் பீரோவில் பத்திரமாக இருக்கும் என்றான். இரண்டு வருடக் காண்ட்ராக்ட். அதை முடித்தால் லீவு. முடிக்காமல் போனால் விசா ரத்தாகும், திரும்பி வரவும் தடை விழும். இதெல்லாம் அவனுக்கு இந்தியில் சொல்லப்பட்டது. பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

கேம்ப்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர். இரும்புக் கட்டிலின் மேல் தட்டில் படுத்தவன் யஹ்யா, இலங்கையில் கல்முனைப் பக்கத்துக்காரன். கிடங்கிலும் இரண்டு பேரும் ஒரே கேங். சாமானைப் பலகைமேல் அடுக்கி, சுற்றிப் பிளாஸ்டிக் தாள் இழுத்துக் கட்டுவது அவர்கள் வேலை. ஒருவன் பலகையைப் பிடித்தால் மற்றவன் தாளைச் சுற்றுவான். பேசாமலே நடக்கும். ஆறு மாதத்தில், மற்றவன் எப்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வான் என்பதுகூட ஒருவருக்கொருவர் தெரிந்துபோயிற்று.

மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை பஸ் பிடித்து பர் துபாய்க்குப் போவார்கள். அங்கே கௌஸ் முகைதீன் என்று ஒருவர் சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தார். நாகூர்க்காரர். வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. போன் கார்டு, அப்பளம், மூன்று வாரம் பழையதான தமிழ் வாரப் பத்திரிகை எல்லாம் அவரிடம் கிடைக்கும். அம்மையப்பன் அவரை, நாகூர்க்காரர்கள் அண்ணனைச் சொல்வதுபோல, நானா என்று கூப்பிடுவான். அவர் கடை போனிலிருந்துதான் வீட்டுக்குப் பேசுவான். பூவத்தடியில் போன் இருந்தது ஒரே ஒரு பெட்டிக்கடையில். நாகவள்ளியைக் கூட்டிவரச் சொல்லிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் கௌஸ் முகைதீன் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. துபாயில் அது வேலை நாள். காலை பத்து மணி டீ நேரத்தில் லாரியோடு வந்த ஒரு டிரைவர், மெட்ராஸில் கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்றான். அம்மையப்பன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறும், இறங்கும். மத்தியானம் மெஸ்ஸில் டிவி முன்னால் கூட்டம். திரையில் நாகப்பட்டினம் என்ற எழுத்து ஓடியது. அதன் பின்னால் ஒரு படகு தெருவில் கவிழ்ந்து கிடந்தது. அவன் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு, செக்யூரிட்டி ரூமில் இருந்த போனுக்குப் போனான். அங்கே அவனுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் நின்றார்கள். யஹ்யா ஏழாவது ஆளாக நின்றான்.

யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. அன்று மட்டுமல்ல, திங்கள், செவ்வாய், புதனும் கிடைக்கவில்லை. டூட்டி மட்டும் வழக்கம்போல நடந்தது. செவ்வாய்க்கிழமை யஹ்யாவுக்கு எப்படியோ செய்தி வந்தது. உம்மாவும் தங்கையும் பிழைத்துப் பள்ளிவாசலில் இருக்கிறார்கள், வீடு இல்லை, தம்பி இல்லை. அவன் கட்டில்மேல் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் எழுந்து டூட்டிக்கு வந்தான். டூட்டிக்கு வராவிட்டால் ரூமில் தனியாக இருக்க வேண்டும், அதற்கு இது பரவாயில்லை என்றான்.

கௌஸ் முகைதீன் நாகூரில் இருந்த தன் தம்பியைப் பிடித்து, பூவத்தடி ஆட்கள் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அம்மையப்பனும் யஹ்யாவும் கடைக்குப் போனபோது அவர் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்.

"தம்பி, புள்ள நல்லா இருக்கு. ஒங்க அக்கா கையில இருக்கு. அத மொதல்ல மனசுல வாங்கிக்குங்க" என்றார்.

"அவ?"

"தேடிக்கிட்டிருக்காங்க."

அம்மையப்பன் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடல் உள்ளே வந்தது காலை ஒன்பது மணி என்றால், அது வலை வந்து சேரும் நேரம். நாகவள்ளி கூடையோடு கரையில் நின்றிருப்பாள். பெண்கள் எல்லாருமே அங்கேதான் நின்றிருப்பார்கள். தேடுவதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். நீலாவைப் பக்கத்து வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடியிருக்கிறார். திருத்துறைப்பூண்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா உமாராணி, இரண்டு நாள் முகாம் முகாமாக நடந்து, நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிள்ளையைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

சனிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் போய் லீவு கேட்டான். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு தாளை எடுத்துக் காட்டினார். தாய், தகப்பன், மனைவி, பிள்ளை இறந்தால் அவசர லீவு உண்டு. ஆனால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். காணவில்லை என்பதற்கு இந்தத் தாளில் இடம் இல்லை என்றார். விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலும் இப்போது ஊரில் இல்லை, அவர் கையெழுத்து இல்லாமல் பாஸ்போர்ட்டை வெளியே எடுக்க முடியாது. இதற்குள் கிடங்குக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருக்கிறது. எல்லாருடைய லீவும் நிறுத்தியாயிற்று.

அந்த ஆர்டர் என்ன என்று திங்கட்கிழமை தெரிந்தது. நிவாரணப் பொருள். கூடாரங்கள், போர்வைகள், மண்ணெண்ணெய் அடுப்புகள், தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரைகள், பிஸ்கட் பெட்டிகள். எங்கெங்கிருந்தோ கப்பலிலும் விமானத்திலும் வந்து குவிந்தன. பிரித்து, எண்ணி, பலகைமேல் அடுக்கி, போகும் ஊரின் பெயரை ஒட்டி அனுப்ப வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் பதினாறாயிற்று. யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தக் கிடங்கில் தமிழன், மலையாளி, சிங்களவன், இந்தோனேசியன் எல்லாரும் இருந்தார்கள். முதல் வாரம் எல்லாரும் சொந்த வீட்டுக்கு அனுப்புவதுபோலத்தான் வேலை செய்தார்கள்.

அம்மையப்பன் ஒட்டும் தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பான். கொழும்பு வந்தது. மாலே வந்தது. பண்டா ஆச்சே என்றொரு ஊர் வந்தது. சென்னை வரவில்லை. நாளைக்கு வரும் என்று மூன்று நாள் இருந்தான். நாலாம் நாள் சூப்பர்வைசர் சாகிரிடம் கேட்டான். சாகிர் ஹைதராபாத்காரர், நல்ல மனிதர்.

"இண்டியா மாஃபி, பாய்" என்றார் சாகிர். இந்தியாவுக்கு இல்லை.

பிறகு பேப்பரில் படித்ததை இந்தியில் மெதுவாகச் சொன்னார். மற்ற நாட்டு அரசுகள் உதவி கொடுக்க முன்வந்திருக்கின்றன. எங்கள் மக்களை நாங்களே பார்த்துக்கொள்வோம், இப்போதைக்கு வேண்டாம் என்று டெல்லியில் சொல்லிவிட்டார்கள். பக்கத்து நாடுகளுக்கு இந்தியாவே கப்பலில் சாமான் அனுப்புகிறதாம். அதைச் சொல்லும்போது சாகிருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அம்மையப்பனின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அம்மையப்பன் யஹ்யாவிடம் கேட்டான்: "வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி பூவத்தடியில யார்ட்டயாவது கேட்டாங்களா?"

யஹ்யாவின் ஊருக்குத்தான் கூடாரங்கள் போய்க்கொண்டிருந்தன.

வெள்ளிக்கிழமை கௌஸ் முகைதீனிடம் இதே பேச்சு வந்தபோது அவர் நிதானமாக யோசித்துத்தான் பேசினார். அவ்வளவு பெரிய நாடு கையேந்தக் கூடாது என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது, பட்டாளமும் அதிகாரிகளும் ராத்திரி பகலாக வேலை செய்வதாகத் தம்பி சொல்கிறான் என்றார். பிறகு அவரே, பசித்தவனுக்கு இந்த நியாயத்தைச் சொல்லிப் புரியவைக்க நம்மால் ஆகாது என்றும் சொன்னார். அவர் கடையின் பின்புறம் பத்துப் பன்னிரண்டு மூட்டை துணி கிடந்தது. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து போட்டது. இந்த நாட்டில் அனுமதி பெற்ற சங்கங்களைத் தவிர யாரும் உதவி என்று எதையும் திரட்டக் கூடாது. அது தெரியாமல் வாங்கி வைத்துவிட்டு, அனுப்பவும் முடியாமல் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் முழித்தார். பிப்ரவரியில் அவற்றைச் சாதாரணக் கார்கோவில் தன் தம்பி பேருக்கே அனுப்பினார்.

ஒருநாள் யஹ்யா ஊருக்குப் பேசிவிட்டு வந்து, உம்மாவுக்குக் கூடாரம் கிடைத்துவிட்டது என்றான். இவர்கள் அடுக்கி அனுப்பியது போலத்தான் இருக்கிறது, அதே வெள்ளைத் துணி, அதே நீலக் கயிறு. காலை பதினோரு மணிக்கெல்லாம் உள்ளே அடுப்புப்போல ஆகிவிடுகிறதாம், உம்மா பகல் முழுக்க வெளியே புளியமர நிழலில் உட்கார்ந்திருக்கிறாளாம். இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். அந்த மாதத்தில் அம்மையப்பன் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

காணாமல் போனவர்களை இறந்தவர்களாகக் கணக்கில் எடுத்துச் சான்றிதழ் கொடுக்கலாம் என்று ஊரில் ஏற்பாடு வந்த பிறகும், உமாராணி தாலுகா ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தாள். மார்ச் கடைசியில் சான்றிதழ் வந்தது. நாகவள்ளி, வயது இருபத்தெட்டு. கௌஸ் முகைதீன் கடைக்கு அது ஃபேக்ஸில் வந்தபோது எழுத்தெல்லாம் கறுப்பாகக் கலங்கியிருந்தது. பெயர் மட்டும் படிக்க முடிந்தது. அம்மையப்பன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜெபல் அலி வரை நின்றுகொண்டே வந்தான். உட்கார இடம் இருந்தது.

மேனேஜர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். முப்பது நாள் லீவு தருவதாகச் சொன்னார். ஆனால் காண்ட்ராக்ட் முடியவில்லை, ஆள் திரும்பி வருவான் என்பதற்கு உடன் வேலை செய்கிறவன் ஒருவன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். போனவன் வராவிட்டால் கையெழுத்துப் போட்டவனுடைய லீவு நிற்கும், அவன் பாஸ்போர்ட்டும் ஆபீசிலேயே இருக்கும். ஜூனில் யஹ்யாவுக்கு லீவு வரவிருந்தது. அவன்தான் கையெழுத்துப் போட்டான்.

முதலில் அம்மையப்பன் வேண்டாம் என்றுதான் சொன்னான். நான் அங்கே போனபிறகு என் மனசு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது என்றான்.

"புள்ள இரிக்கி. போய்ப் பாரு மச்சான்" என்றான் யஹ்யா. "ரெண்டு பேரும் இஞ்சயே கிடந்து என்ன செய்யிற?"

ஏப்ரல் இரண்டாம் வாரம் திருச்சியில் இறங்கி, மூன்று பஸ் மாறிப் பூவத்தடிக்குப் போனான். வேளாங்கண்ணியைத் தாண்டியதும் ரோட்டோரம் பழைய துணி மலைபோல் குவிந்து கிடந்தது. யார் யாரோ லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டியது. எடுப்பாரில்லை. மாடு நின்று மேய்ந்துகொண்டிருந்தது. கௌஸ் முகைதீனின் மூட்டைகளும் இதில் இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அவரிடம் இதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

வீடு இருந்த இடம் வெறும் மணல். குப்பத்துக்கு மேற்கே வரிசையாகத் தார் அட்டைக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். உமாராணி தன் வீட்டைப் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு அந்தக் கொட்டகைகளில் ஒன்றில் நீலாவோடு இருந்தாள். ஆள் இல்லாத கொட்டகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், பட்டியலில் பெயர் போனால் பிறகு கட்டித்தரப்போகிற வீடும் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வெயிலில் தார் உருகி அட்டையிலிருந்து சொட்டியது.

நீலா அவனைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. அத்தையின் பின்னால் போய் நின்றாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வந்தாள், அவன் கொண்டுவந்த பேரீச்சம்பழப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள், மறுபடி அத்தையிடம் போய்விட்டாள். மூன்றாம் நாள்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஊர் ஆட்களையெல்லாம் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். நீளமான மேடு. மேலே போட்ட சுண்ணாம்பு மழையில் கரைந்து திட்டுத்திட்டாக இருந்தது. நாகவள்ளி அங்கே இருக்கிறாளா, கடலில் இருக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் நின்றான். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் கடலுக்கும் மேட்டுக்கும் நடுவே நின்றான்.

அந்தச் சமயம் தொண்டு நிறுவனங்கள் ஊருக்குப் புது பைபர் படகுகள் கொடுத்துக்கொண்டிருந்தன. யாருக்கு என்று பட்டியல் எழுதியது ஊர்ப் பஞ்சாயத்து. தலைவர் ராமையாவிடம் அம்மையப்பன் போய்க் கேட்டான். அவர் இவனுக்குச் சித்தப்பா முறை. அவரும் இரண்டு பேரக் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்தார்.

"நீ வெளிநாட்டுல இருக்கறவன்ல. ஒன் பேர்ல போட்டு எழுதுனா மத்தவன் கேப்பான்" என்றார்.

"என் தலைக்கட்டுக்கு வரி கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன், சித்தப்பா?"

"கட்டுற. கடலுக்குப் போவலையே."

அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவனுக்கும் பட்டது. துபாய்ப் பட்டியலில் இந்தியன் என்பதால் அவன் ஊர் இல்லை. ஊர்ப் பட்டியலில் துபாய்க்காரன் என்பதால் அவன் பெயர் இல்லை. இதை உமாராணியிடம் சொன்னபோது, எல்லாரிடமும் ஒரு தாள் இருக்கிறது என்றாள். போகாதே என்றும் சொன்னாள். அவள் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றுதான். கம்பெனி என்ன செய்யும், வந்து பிடித்துக்கொண்டா போகும் என்றாள். அவனுக்கும் அந்த நினைப்பு தினமும் வந்தது. யஹ்யாவின் கையெழுத்தும் தினமும் நினைவுக்கு வந்தது. ஒரு கிறுக்கல் கையெழுத்து, தமிழில் போட்டது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு நீலாவிடம் சொன்னான். அவள் அழவில்லை.

"அங்க ஒனக்கு என்ன வேல?" என்று கேட்டாள்.

"பொட்டி அடுக்குறது."

"பொட்டிக்குள்ள என்ன?"

"கூடாரம், போர்வ."

"நமக்கா?"

"இல்லம்மா. வேற ஊருக்கு."

அவள் யோசித்துவிட்டு, "அந்த ஊருக்கும் தண்ணி வந்துச்சா?" என்றாள். வந்தது என்றான்.

இருபத்தொன்பதாம் நாள் அவன் கேம்ப் ரூமுக்குள் நுழைந்தபோது யஹ்யா தொழுது முடித்துப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றுவிட்டான். வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன் என்றான். பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று அம்மையப்பன் கேட்டதற்கு, போடாமல் எப்படி என்று சொல்லிவிட்டு அவனுக்கு டீ வாங்கப் போய்விட்டான்.

ஜூனில் யஹ்யா கிளம்பினான். அந்த வருடம் லீவில் போன சிலர் திரும்பாததால் ஆபீஸ் எல்லாருக்குமே ஜாமீன் கேட்டது. அம்மையப்பன் கையெழுத்துப் போட்டான். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்கும் உரிமை தனக்கு இல்லை என்று நினைத்தான்.

யஹ்யா திரும்பி வரவில்லை.

ஆகஸ்டில் கௌஸ் முகைதீன் கடைக்கு அவன் போன் வந்தது. கடலிலிருந்து இத்தனை மீட்டருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று அங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். வீடு இருந்த பழைய வளவு போயிற்று. உள்ளே தள்ளிக் காணி கொடுக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு கூட்டத்துக்கும் வீட்டு ஆண் ஆள் போய் நின்று பேர் சொல்ல வேண்டும். உம்மாவும் தங்கையும் போனால் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

"நான் வரல்ல மச்சான்" என்றான். "நீ திரும்பி வந்தாயே, அந்த நேரம் நான் சந்தோசப்பட்டன். இப்ப அதுதான் என்னப் போட்டுக் கொல்லுது."

வீட்டைக் கட்டு என்று சொல்லிவிட்டு அம்மையப்பன் போனை வைத்தான். கடையில் நின்றவரை சாதாரணமாக இருந்தான். பஸ்ஸில் வரும்போதுதான் கோபம் வந்தது. அடுத்த இரண்டு மாதம் யஹ்யா கூப்பிட்டபோதெல்லாம் அவன் போனுக்கு வரவில்லை. பிறகு கோபமும் தேய்ந்துபோயிற்று. அந்த இடத்தில் நானாக இருந்தாலும் என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியத்தை அவன் பாதியில் நிறுத்திக்கொள்வான்.

அதே ஆகஸ்டில் அவனுடைய இரண்டு வருடம் முடிந்தது. கணக்கை முடித்து அனுப்புங்கள் என்று ஆபீசில் கேட்டான். யஹ்யா விஷயம் தீரும்வரை பாஸ்போர்ட் தர முடியாது என்றார்கள். எப்போது தீரும் என்று கேட்டதற்குப் பார்ப்போம் என்றார்கள். அவன் கிடங்குக்குத் திரும்பிப் போய்ப் பலகையைப் பிடித்தான். மேல் கட்டிலுக்குப் புது ஆள் வந்திருந்தான்.

அக்டோபரில் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தது. மறுபடி கூடாரங்கள் வந்தன. இந்தத் தடவை தாள்களில் இஸ்லாமாபாத் என்று இருந்தது. ஒரு பட்டான் லோடர் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான். படிக்கத் தெரியாதவன். அம்மையப்பன் அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வரிசையில் நின்ற லாரிகளைக் காட்டி, இது, அது, அதோ அதுவும் உன் ஊருக்குத்தான் என்று சைகையில் சொன்னான். அந்த ஆள் ஒவ்வொரு லாரியையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். அன்று ரூமுக்குப் போன பிறகு அம்மையப்பனுக்கு உடம்பு தூக்க முடியாமல் வலித்தது. இரண்டு நாள் காய்ச்சலாகக் கிடந்தான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கௌஸ் முகைதீன், காண்ட்ராக்ட் முடிந்து ஐந்து மாதம் ஆகிறதே, ஏன் போகவில்லை என்று கேட்டார். அதுவரை அவன் அவரிடம் ஜாமீன் கதையைச் சொன்னதில்லை. யஹ்யாவைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும் என்று இருந்துவிட்டான். கேட்டதும் அவர் கையில் இருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"அது எந்தச் சட்டத்துல இருக்கு தம்பி?"

அவனுக்குத் தெரியவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது சட்டம்தான் என்று நினைத்திருந்தான்.

கௌஸ் முகைதீன் கடையை மகனிடம் விட்டுவிட்டு, அவனை ஒரு டைப்பிங் சென்டருக்குக் கூட்டிப்போய் அரபியில் புகார் எழுதவைத்தார். மறுநாள் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தார்கள். பதினெட்டாம் நாள் இரண்டு தரப்பையும் கூப்பிட்டார்கள். கம்பெனி சார்பில் வந்தவர் ஜாமீன் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வெள்ளை உடுப்பில் இருந்த இளவயது அதிகாரி அதைப் படித்தார். கையெழுத்துப் போட்டவன் எங்கே, போனவன் எங்கே என்று இரண்டு கேள்வி கேட்டார். பிறகு தாளைத் திருப்பித் தள்ளினார். போனவன் போய்விட்டான், இவனுடைய பாஸ்போர்ட் இவனுடையது, நாளைக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். கலாஸ், முடிந்தது என்று சொல்லி அடுத்த கோப்பை எடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எழுந்திருக்கும்போது அதிகாரி, எந்த ஊர் என்று கேட்டார். கௌஸ் முகைதீன் சொன்னார். சுனாமி வந்த இடமா, நாங்கள் நிறைய அனுப்பினோமே என்றார் அதிகாரி. மனதாரத்தான் சொன்னார். கௌஸ் முகைதீன் அதைத் தமிழில் சொன்னதும் அம்மையப்பன் ஆமாம் என்று தலையாட்டினான்.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கேட்டான்: "அன்னைக்கே வந்து கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பாங்களா, நானா?"

"தெரியாது தம்பி. நாம கேக்கல, அவ்வளவுதான்."

விசாவை ரத்து செய்தார்கள். ஒரு வருடம் வரக்கூடாது என்று தடையும் போட்டார்கள். புகார் கொடுத்ததற்காகவா, வழக்கமான விதியா என்று அவன் விசாரிக்கவில்லை. வரும் எண்ணம் இல்லை. 2006 பிப்ரவரியில் ஊருக்கு வந்து சேர்ந்தான். புது வீட்டு மனைக்கான முதல் பட்டியல் ஜனவரியிலேயே முடிந்திருந்தது. அப்போது ஊரில் இல்லாததால் அவன் பெயரை இரண்டாவது பட்டியலில் எழுதினார்கள். அந்த வீடு கிடைக்க அதற்கப்புறம் ஒன்றரை வருடம் ஆயிற்று. கொஞ்ச நாள் கழித்து ராமையாவின் புது பைபர் படகிலேயே ஆளாகச் சேர்ந்து கடலுக்குப் போக ஆரம்பித்தான். யஹ்யாவும் வீட்டைக் கட்டிவிட்டான் என்று கௌஸ் முகைதீன் மூலம் செய்தி வந்தது. அவர்கள் இருவரும் மறுபடி பேசிக்கொண்டார்களா என்றால், வருடத்துக்கு ஒருமுறை, நோன்புப் பெருநாளன்று, ஐந்து நிமிடம்.

ஆனால் இதெல்லாம் பின்னால். வந்து சேர்ந்த முதல் பத்து நாள் அவன் எதுவுமே செய்யவில்லை, தூங்கினான். சாப்பிட எழுப்பினால் எழுந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தான். ஊர்க்காரர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஏதாவது நோயா, டாக்டரிடம் காட்டலாமா என்று ராமையா கேட்டார். உமாராணி வேண்டாம் என்றாள். கொட்டகையில் பகலில் படுக்க முடியாத சூடு. அவன் அதிலும் தூங்கினான். எட்டு வயது நீலா பள்ளிக்கூடம் விட்டு வந்து, அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வாசலில் பிள்ளைகள் கத்தி விளையாடினால் எழுந்து போய்த் தள்ளி விளையாடச் சொன்னாள். யாராவது தேடி வந்தால் மட்டும், அப்பா தூங்குறாங்க, அப்பறமா வாங்க என்று சொல்லி அனுப்பினாள்.